கிரோன்ஸ் சோர்வு: மாத்திரையா, ட்ரிப்ஸா, ஓய்வா, நடையா?

குடலில் நீங்காத அழற்சியை உண்டாக்கும் கிரோன்ஸ் நோய் உள்ளவரின் சோர்வு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாது. குளித்துவிட்டு வந்தாலே ஒரு முறை உட்கார்ந்துதான் சட்டை போட முடியும். படித்த வரியையே நான்கு முறை படித்தாலும் மனதில் நிற்காது. குடலில் அழற்சி மும்முரமாக இருக்கும்போது பத்துப் பேரில் ஏழு பேருக்கு இந்தச் சோர்வு இருக்கிறது. பேதியும் வயிற்றுவலியும் அடங்கி நோய் கட்டுக்குள் வந்த பிறகும் பத்தில் நான்கைந்து பேரை அது விடுவதில்லை. "ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன?" என்ற கேள்வியை வீட்டிலும் ஆபீசிலும் அதிகம் கேட்பவர்கள் இவர்கள்தான்.

இதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். இரும்பு மாத்திரை, இரும்பு ட்ரிப்ஸ், பி12 ஊசி, வைட்டமின் டி, 'நல்லா ரெஸ்ட் எடு', 'தினமும் நட', தெருமுனை கிளினிக்கில் சத்து ஊசி என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை யாரோ ஒருவருக்குச் சரியான வழிதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட காரணத்துக்கு மட்டுமே வேலை செய்யும். காரணம் தெரியாமல் வழியை மட்டும் தேர்ந்தெடுத்தால் மூன்று மாதம் வீணாகும், சில சமயம் கெடுதலும் வரும். அதனால் ஒப்பீட்டுக்குப் போகும் முன் இரத்தத்தையும் மலத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டிய எண்கள்

ஒரே முறை இரத்தம் எடுத்து இவற்றைப் பார்க்கச் சொல்லலாம்: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவுகோல்), பி12, ஃபோலேட், 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், அல்புமின், கல்லீரல் நொதிகள், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. இவற்றோடு மலத்தில் கால்புரோடெக்டின், அதாவது குடல் அழற்சியைக் காட்டும் புரதம்.

கால்புரோடெக்டின் 50க்குக் கீழ் இருந்தால் குடல் அநேகமாக அமைதியாக இருக்கிறது. 250ஐத் தாண்டினால் அழற்சி நடந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இடைப்பட்ட எண் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் போட்டிருந்தாலும் இந்த எண் ஏறும் (அந்த மாத்திரைகள் கிரோன்ஸ் உள்ளவருக்கு எப்படியும் ஆகாது). நோய் சிறுகுடலில் மட்டும் இருப்பவர்களுக்குக் கால்புரோடெக்டின் குறைவாகவே காட்டலாம். சி.ஆர்.பி.யும் சிலருக்கு நோய் முற்றியிருக்கும்போதுகூட ஏறாது. எனவே இரண்டு எண்ணும் நார்மல் என்றாலும், எடை இறங்குகிறது, இரவில் கழிப்பறைக்காக விழிப்பு வருகிறது என்றால், ஸ்கேனோ கொலோனோஸ்கோப்பியோ தேவையா என்று கேட்க வேண்டும். இரவில் எழுப்பும் பேதி லேசான அறிகுறி அல்ல.

அழற்சி இருக்கிறது என்று தெரிந்தால் முதல் வேலை அதை அடக்குவதுதான். இந்த இடத்தில் சோர்வுக்கென்று தனி மருந்து தேடுவது நேர விரயம். அழற்சி ஓயாமல் இரும்பும் சரியாக ஏறாது, தூக்கமும் வராது, தசையும் கரையும்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். குடல் காசநோயும் கிரோன்ஸும் கொலோனோஸ்கோப்பியில் ஒன்றுபோலவே தெரியும். கிரோன்ஸ் அழற்சியை அடக்கத் தரும் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் உடலில் உறங்கிக்கொண்டிருக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். இந்த ஊசிகளில் இருக்கும்போது சோர்வோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, இருமல், எடை இறக்கம் என்று ஏதாவது சேர்ந்தால், தொடங்கும் முன் செய்த டெஸ்ட் நெகட்டிவ் என்ற தைரியத்தில் இருந்துவிடக் கூடாது. அடுத்த டோஸுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரும்பு: வாயாலா, நரம்பாலா

கிரோன்ஸ் சோர்வுக்குத் திருத்தக்கூடிய காரணங்களில் அதிகம் தென்படுவது இரும்புக் குறைபாடு. தப்பாகப் படிக்கப்படுவதும் அதுதான். ஃபெரிட்டின் என்பது சேமிப்பு இரும்பின் அளவுகோல். ஆனால் அழற்சி இருந்தால் அது தானாகவே ஏறிவிடும். குடல் அமைதியாக இருக்கும்போது ஃபெரிட்டின் 30க்குக் கீழ் என்றால் குறைபாடு. அழற்சி இருக்கும்போது 100 வரை காட்டினாலும் குறைபாடு இருக்கலாம். லேப் தாளில் 'நார்மல் 15 முதல் 150' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, 60 வந்தவர் "இரும்பு சரியாத்தான் இருக்கு" என்று நினைத்துக்கொள்வது இப்படித்தான். பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

இப்போது தேர்வு. மாத்திரைக்குச் சாதகமானவை வெளிப்படை: விலை மலிவு, ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை, ஊசி இல்லை. ஆனால் அது பலிக்க மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும். குடல் அமைதியாக இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 10க்கு மேல் இருக்க வேண்டும். முன்பு இரும்பு மாத்திரை வயிற்றைக் கெடுத்த அனுபவம் இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் ட்ரிப்ஸ்தான் முதல் தேர்வு. ஐரோப்பிய கிரோன்ஸ்-கொலைட்டிஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

காரணம் ஹெப்சிடின். அழற்சி இருக்கும்போது கல்லீரல் இந்த ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். குடல் செல்லுக்குள் போன இரும்பு இரத்தத்துக்கு வரும் வாசலை அது அடைத்துவிடும். இரும்பை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் தொடக்கம். கிரோன்ஸ் பெரும்பாலும் தாக்குவது அதன் கடைசிப் பகுதி. அதனால் 'எனக்கு மேல்பகுதி நல்லாத்தானே இருக்கு, மாத்திரை ஏன் ஏறவில்லை' என்று கேட்பவர்கள் உண்டு. பதில் இந்த ஹெப்சிடினில் இருக்கிறது. உறிஞ்சப்படாத இரும்பு குடலிலேயே தங்கி வலி, வாயு, மலச்சிக்கல், சிலருக்குப் பேதி என்று படுத்தும். நோய் திரும்புகிறதா, மாத்திரையின் வேலையா என்று பிரித்தறிய முடியாமல் போவது இதில் பெரிய சங்கடம். குடல் சுருக்கம் (குடலின் ஒரு பகுதி குறுகிப்போவது) உள்ளவர்களுக்கு இரும்பு மாத்திரையின் மலச்சிக்கல் வெறும் தொல்லையோடு நிற்காது, அடைப்பு வலி வரை போகும்.

மாத்திரை என்று முடிவானால் சாப்பிடும் முறை முக்கியம். ஒரு நாளைக்குத் தனிம இரும்பு (மாத்திரையின் உப்பில் உள்ள நிஜ இரும்பு) 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். அட்டையில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டில் தனிம இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான். ஃபெரஸ் அஸ்கார்பேட் பெட்டியில் '100' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் தனிம இரும்பின் கணக்கே. ஒரு டோஸ் இரும்பு உள்ளே போனாலே ஹெப்சிடின் ஏறி ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே நிற்கும். எனவே காலை, இரவு என்று இரண்டு வேளை போடுவதில் லாபம் குறைவு. தினம் ஒன்று போதும். வயிறு தாங்காவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள் போடலாம். அப்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது. காலை வெறும் வயிற்றில், காபி டீ குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்குங்கள். பால், கால்சியம் மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகைகள் எல்லாம் உறிஞ்சுதலைக் குறைக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கிரோன்ஸில் அடிக்கடி எழுதித்தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசினை இரும்புக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். இல்லாவிட்டால் இரும்போடு ஒட்டிக்கொண்டு இரண்டுமே வீணாகும். மெதுவாகக் கரையும், குடலில் போய்க் கரையும் வகை மாத்திரைகளைத் தவிர்க்கலாம். உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பிறகுதான் அவை கரைகின்றன. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அது இரத்தக் கசிவு. உடனே போக வேண்டும்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் 'இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம்' என்று இழுக்காமல் ட்ரிப்ஸுக்கு மாறிவிடுங்கள். ஏறினால், நார்மலுக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும்.

ட்ரிப்ஸில் நம் ஊரில் அதிகம் கிடைப்பவை இரண்டு. அயர்ன் சுக்ரோஸ் பழையது, மலிவானது, அரசு மருத்துவமனைகளிலும் இருக்கும். ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம்தான் ஏற்றுவார்கள், வாரத்தில் மூன்று முறைக்கு மேல் கூடாது. 1000 மில்லிகிராம் தேவைப்பட்டால் ஐந்து தடவை போக வேண்டும். நடக்கவே திராணி இல்லாத ஒருவர் ஐந்து நாள் லீவு போட்டு, பஸ் ஏறி, கியூவில் உட்கார்ந்து வருவதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் விலை அதிகம், சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனால் 1000 மில்லிகிராமையும் 15 நிமிடத்தில் ஒரே தடவையில் ஏற்றிவிடலாம், பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனிப்பார்கள். மொத்தத் தேவைக்கு எளிய கணக்கு இருக்கிறது. ஹீமோகுளோபின் 10க்கு மேல் என்றால் 70 கிலோவுக்குக் கீழ் உள்ளவருக்கு 1000 மில்லிகிராம், அதற்கு மேல் எடை இருந்தால் 1500. ஹீமோகுளோபின் 7க்கும் 10க்கும் இடையில் என்றால் முறையே 1500, 2000. ஒரு வாரத்தில் 1000ஐத் தாண்டக் கூடாது என்பதால் மிச்சத்தை அடுத்த வாரம் ஏற்றுவார்கள். 500 ஏற்றிவிட்டு 'போதும்' என்று அனுப்பப்பட்டவர்களுக்கு இரண்டு மாதத்தில் சோர்வு திரும்புவதற்கு இந்தக் குறை டோஸே பெரும்பாலும் காரணம்.

ட்ரிப்ஸிலும் தவறு நடக்கலாம். ஏற்றத் தொடங்கிய சில நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகுவது போல இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும், பிறகு மெதுவாகத் தொடரலாம். மூச்சுத்திணறல், உதடு வீக்கம், இரத்த அழுத்தம் இறங்குவது வேறு ரகம். அது நிஜ ஒவ்வாமை. இதனால்தான் அவசர மருந்தும் ஆளும் இல்லாத சின்ன கிளினிக்கில் இரும்பு ஏற்றிக்கொள்ளக் கூடாது. ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள்: மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை படிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் போகாது. காய்ச்சலும் சீழ்க்கட்டியும் இருக்கும்போது ஏற்றக் கூடாது, தொற்று அடங்கட்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று பாஸ்பேட். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஏற்றிய இரண்டு வாரத்தில் சிலருக்கு இரத்தத்தில் பாஸ்பேட் நன்றாக இறங்கிவிடும். அறிகுறி என்ன தெரியுமா? சோர்வு, தசை பலவீனம், எலும்பு வலி. இரும்பு ஏற்றியும் சோர்வு கூடியிருக்கிறதே என்று மறுபடி இரும்பு ஏற்றினால் நிலைமை மோசமாகும். அடிக்கடி இந்த ட்ரிப்ஸ் தேவைப்படுபவர்களும் வைட்டமின் டி குறைந்தவர்களும் இரண்டாவது வாரத்தில் பாஸ்பேட் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபெரிக் டெரிசோமால்டோஸ் என்ற இன்னொரு இரும்பு ட்ரிப்ஸில் இந்தப் பிரச்சினை குறைவு. கிடைக்கும் ஊரில் அதைக் கேட்கலாம்.

ட்ரிப்ஸ் முடிந்த கையோடு ஃபெரிட்டின் பார்ப்பதில் பயனில்லை, பொய்யாக உயர்ந்து காட்டும். நான்கிலிருந்து எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஃபெரிட்டின் மறுபடி 100க்குக் கீழ் வந்தால் இரத்தசோகை வரும்வரை காத்திருக்காமல் அடுத்த டோஸ் பற்றிப் பேசலாம்.

ஹீமோகுளோபின் நார்மலாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் 20 என்று வந்தவர்களுக்கு? குடல் அமைதியாக இருந்தால் மாத்திரையில் தொடங்குவதே நியாயம் என்பது எங்கள் கருத்து. இரும்பை நிரப்பினால் சோர்வு குறைந்தவர்களும் இருக்கிறார்கள், ஒரு மாற்றமும் காணாதவர்களும் இருக்கிறார்கள். மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாம்.

சாப்பாட்டால் ஈடுகட்ட முடியாதா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். பற்றாக்குறை 1000 மில்லிகிராமுக்கு மேல். நல்ல உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். அதில் பெரும்பகுதி அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். பீட்ரூட்டில் நிறம் இருக்கும் அளவுக்கு இரும்பு இல்லை, 100 கிராமில் ஒரு மில்லிகிராம்கூட வராது. ஆட்டு சுவரொட்டியும் ஈரலும் உண்மையிலேயே நல்ல இரும்பு. வயிறு ஏற்றால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். முருங்கைக்கீரையைக் குடல் சுருக்கம் உள்ளவர்கள் காம்பு நீக்கி, அரைத்து, வடிகட்டிய சூப்பாகத்தான் எடுக்க வேண்டும். இவை எல்லாம் நிரப்பிய பிறகு காப்பாற்றிக்கொள்ள உதவும். நிரப்புவதற்குப் போதாது.

பி12: ஊசியா, மாத்திரையா

பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். கிரோன்ஸ் அதிகம் உட்காரும் இடமும் அதேதான். அந்தப் பகுதியில் 20 செ.மீ.க்கு மேல் அறுவைசிகிச்சையில் எடுத்திருந்தால் குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம். 60 செ.மீ.க்கு மேல் என்றால் ஆயுள் முழுக்க பி12 வேண்டும் என்றே வைத்துக்கொள்ளலாம். கல்லீரலில் சில வருடத்துக்கான கையிருப்பு இருப்பதால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் இது தலைகாட்டும். அதற்குள் டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே போனதென்றே தெரியாது. எத்தனை செ.மீ. எடுத்தார்கள் என்பதை இப்போதே தேடி எழுதி வையுங்கள். சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கையிருப்பே குறைவாக இருப்பதால் இது இன்னும் சீக்கிரம் வரும்.

அளவு 200 பிகோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு. 200க்கும் 300க்கும் இடையில் இருந்து, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, மறதி என்று இருந்தால் மீதைல்மலோனிக் அமிலமோ ஹோமோசிஸ்டீனோ (பி12 குறைந்தால் இரத்தத்தில் ஏறுபவை) பார்த்து முடிவெடுக்கலாம். நரம்பு அறிகுறி இருந்தால் தேர்வுக்கே இடமில்லை, ஊசிதான். 1000 மைக்ரோகிராம் ஹைட்ராக்ஸோகோபாலமின் என்றால் நரம்பு அறிகுறி தேறிக்கொண்டிருக்கும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பது வழக்கமான முறை. நம் கடைகளில் அதிகம் இருப்பது மீதைல்கோபாலமின். அதன் இடைவெளியை மருத்துவர் குறுக்கித் தருவார்.

நரம்பு அறிகுறி இல்லை, ஊசிக்கு அலைய முடியாது என்பவர்களுக்கு அதிக டோஸ் மாத்திரை மோசமான தேர்வு இல்லை. உறிஞ்சும் இடமே இல்லாவிட்டாலும் விழுங்கியதில் சுமார் ஒரு சதவீதம் குடல் சுவர் வழியே தானாகக் கசிந்து போகும். 1000 மைக்ரோகிராமில் அது 10 மைக்ரோகிராம். அன்றாடத் தேவையோ இரண்டரைக்கும் கீழ். ஆனால் தினமும் விடாமல் போட வேண்டும், மூன்று மாதத்தில் அளவு ஏறியதா என்று பார்க்க வேண்டும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் பலவற்றில் பி12 பத்துப் பதினைந்து மைக்ரோகிராம்தான் இருக்கும், அதை நம்பக் கூடாது. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டுக்கொள்வதும் ஆபத்து: இரத்தம் தேறியது போலத் தெரியும், நரம்பு சேதமோ உள்ளுக்குள் தொடரும்.

வைட்டமின் டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறைந்தால் நிரப்ப வேண்டும், வாரம் 60,000 யூனிட் என்று எட்டு வாரம் தருவது வழக்கம். எலும்புக்கும் தசைக்கும் அது நல்லது. சோர்வு அதனால் மட்டும் பறந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மருந்தே சோர்வு தரும்போது

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டில் இருக்கும்போது பலருக்கு உற்சாகமாக இருக்கும், பசிக்கும், வேலை ஓடும். டோஸ் 10 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது உடம்பு அடித்துப் போட்டது போல ஆகிவிடும். அப்போது வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துத் தானாகப் போட்டுக்கொள்பவர்கள் அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், தசை கரைந்து நாளைய சோர்வு இன்னும் கூடும். மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு போட்டவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம் என்பதால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. எழுந்தால் தலைசுற்றல், குமட்டல், எடை இறக்கம் சேர்ந்த சோர்வு என்றால் காலை எட்டு மணி கார்டிசோல் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) டெஸ்ட் கேளுங்கள். ஸ்டீராய்டைக் காலையிலேயே போடுங்கள். மாலையில் போட்டால் தூக்கம் கெட்டு அதுவே ஒரு தனிச் சோர்வாகும்.

நோய் எதிர்ப்பைத் தணித்து அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள் மருந்து, மறுநாள் முழுக்க மந்தமாக இருக்கும். வெள்ளி இரவுக்கு மாற்றினால் சனிக்கிழமை மந்தம் வேலையைப் பாதிக்காது. ஃபோலிக் அமிலத்தை அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ போடுவதும் குமட்டலைக் குறைக்கும். அதே வகையைச் சேர்ந்த அசதயோபிரினில் சோர்வு வந்தால் முதலில் வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும். தெற்காசியர்களில் என்.யு.டி.டி.15 மரபணு மாறுபாடு உள்ளவர்களுக்கு அவை சட்டென்று சரியலாம்.

இன்ஃப்ளிக்சிமாப் எட்டு வாரத்துக்கு ஒன்று போடுபவர்களில் சிலருக்கு ஆறாவது ஏழாவது வாரத்திலிருந்தே சோர்வு கூடிக்கொண்டு போகும். மருந்து அளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதா என்று அடுத்த டோஸுக்குச் சற்று முன் இரத்தத்தில் அளவு பார்க்கலாம். குறைவாக இருந்து, கால்புரோடெக்டினும் ஏறியிருந்தால் இடைவெளியைக் குறைப்பது நியாயம். இரண்டும் சரியாக இருக்கும்போது சோர்வுக்காக மட்டும், நன்றாக வேலை செய்யும் மருந்தை மாற்றுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குடலுக்கு ஒத்துப்போகும் மருந்து கையில் இருப்பது பெரிய விஷயம். விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கும்போது உடல் அதை எதிர்க்கலாம்.

எல்லாம் நார்மல், சோர்வு மட்டும் மிச்சம்: ஓய்வா, நடையா

எண்கள் எல்லாம் திருந்திய பிறகும் சோர்வு மிஞ்சினால், தூக்கத்தையும் மனதையும் முதலில் பார்ப்போம். ஸ்டீராய்டால் எடை ஏறிக் குறட்டை தொடங்கியிருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். எதிலும் ஈடுபாடில்லை, பிடித்த ஆட்களைப் பார்க்கவும் மனமில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நிற்பவை இரண்டு வழிகள். முழு ஓய்வு அழற்சி நேரத்துக்கும், காய்ச்சலுக்கும், ஹீமோகுளோபின் 8க்குக் கீழ் இருக்கும்போதும் சரி. நோய் அடங்கிய பிறகும் படுத்தே கிடந்தால் வாரக்கணக்கில் தசை இளைத்து, மாடிப்படியே மலையாகிவிடும். மறுபக்கம், ஒருநாள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதென்று ஒட்டடை அடித்து, துணி துவைத்து, மார்க்கெட்டும் போய்வந்து, அடுத்த மூன்று நாள் எழவே முடியாமல் போவதும் பலருக்கு நடக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை உடைப்பதுதான் இங்கே வேலை.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் செய்த வேலை, சோர்வுக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், தூங்கிய நேரம், மலம் போன தடவை. மோசமான நாளிலும் செய்ய முடிந்தது எவ்வளவு என்பது அதில் தெரியும். அந்த அளவுதான் தொடக்கம். நடையில் அது ஏழு நிமிடம் என்றால் ஏழு நிமிடமே. நல்ல நாளிலும் அதைத் தாண்டாதீர்கள், கெட்ட நாளிலும் பாதியாவது நடங்கள். ஒரு வாரம் தாங்கினால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் முழுக்கச் சோர்வு கூடியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு இரண்டு வாரம் அங்கேயே நில்லுங்கள். கழிப்பறை பயம் இருப்பவர்களுக்கு மொட்டை மாடி நல்ல இடம். வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். ஸ்டீராய்டு போட்டவர்கள் தொடைத் தசைக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை எட்டு முறை, ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்க்கலாம்.

ஓய்வையும் இதற்குள்ளேயே வையுங்கள். களைத்த பிறகு விழுவதைவிட, களைப்பு 5ஐத் தொடும்போது பதினைந்து நிமிடம் கண்மூடிப் படுப்பது அதிகம் காக்கும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேலோ, மூன்று மணிக்குப் பிறகோ போனால் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். காய்கறி நறுக்குவதை உட்கார்ந்து செய்வது, குளியலறையில் ஒரு ஸ்டூல் போடுவது, தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு பெரிய வேலை வைக்காதது எல்லாம் சின்ன ஏற்பாடுகள்தான், ஆனால் மாலை வரை தெம்பை மிச்சம் வைப்பவை அவைதான்.

உடற்பயிற்சி கிரோன்ஸ் சோர்வைக் குறைக்கிறது என்பதற்கான ஆதாரம் இன்னும் மெலிதுதான். ஆனாலும் அளவோடு கூட்டும் நடையையே நாங்கள் முழு ஓய்வுக்கு மேல் வைக்கிறோம். எலும்பு, தசை, தூக்கம், மனம் நான்குக்கும் அது நல்லது என்பதில் சந்தேகமில்லை.

தயமின் (வைட்டமின் பி1) பற்றிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். 2021இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வில், நோய் அடங்கியும் கடும் சோர்வு இருந்த 40 பேருக்கு நான்கு வாரம் தினமும் 600 முதல் 1800 மில்லிகிராம் தயமின் கொடுத்தார்கள். மருந்து இல்லாத போலி மாத்திரையைவிடச் சோர்வு தெளிவாகக் குறைந்தது. சிறிய ஆய்வு, குறுகிய காலம். மற்றவை எல்லாம் பார்த்து முடித்தவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு மாதம் முயன்று பார்க்கலாம். கடையில் கிடைக்கும் சாதாரண பி-காம்ப்ளெக்ஸில் தயமின் 10 மில்லிகிராம் அளவிலேயே இருப்பதால் அது இந்த முயற்சிக்கு ஈடாகாது.

தெருமுனை கிளினிக்கின் சத்து ஊசியும் குளுக்கோஸ் ட்ரிப்ஸும்? ஒரு பாட்டில் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 100 கலோரி. பேதியால் நீர் வற்றியவருக்குத் தேவை உப்பும் சேர்ந்த நீர். ஒரு பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து நாள் முழுக்க உறிஞ்சிக் குடிப்பது அதைவிட மேல். குடல் வெளிவாசல் பை வைத்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். சத்து ஊசியில் பெரும்பாலும் பி12 இருக்கும் என்பதால் டெஸ்டுக்கு முன் போட்டுக்கொண்டால் உண்மையான குறைபாடு மறைந்துபோகும்.

வேலை: லீவா, ஏற்பாடா

சோர்வு தாங்காமல் வேலையை விட்டுவிட நினைப்பவர்கள், அதற்கு முன் கேட்டுப் பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கிரோன்ஸ் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. அதனால் இங்கே பேச்சும் மருத்துவர் கடிதமும்தான் கைகொடுக்கும். கடிதத்தில் 'ஓய்வு தேவை' என்று பொதுவாக எழுதி வாங்கினால் லீவு மட்டுமே கிடைக்கும். கழிப்பறைக்கு அருகில் இருக்கை, காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடக்கம், ட்ரிப்ஸ் நாளில் விடுப்பு, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, ஷிப்ட் மாறாமை என்று என்ன வேண்டுமோ அதைப் பெயர் சொல்லி, மூன்று மாதத்துக்கு என்று காலவரம்போடு எழுதித் தரச் சொல்லுங்கள். சுழற்சி ஷிப்டில் இருப்பவர்கள் வேறு எதையும் கேட்கும் முன் இரவு ஷிப்டிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள்; தூக்க நேரம் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருக்கும்வரை நோட்டில் எழுதும் மதிப்பெண்ணை வைத்து எந்த வழி பலிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த நோட்டையும் கடைசி மூன்று ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனதும் வயிற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் முடிந்துவிடும், சோர்வைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.